இடது பக்கம் ஆவாரை

அக்டோபர் 9, திங்கள்

இன்னியிலேருந்து எங்க வண்டியில பாட்டு கிடையாதாம். பூதானாம். எங்க வண்டியில வர்ற வாண்டு மதிவதனி உத்தரவு போட்டுட்டா.

ஆறாம் வகுப்பு ஜெனிபர் டீச்சர் பிள்ளைங்களுக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க. பள்ளிக்கூடம் வர்ற வழியில ரோட்டோரம் தானா முளைச்சுப் பூத்திருக்கிற செடிங்களைப் பார்க்கணும், பேரு கண்டுபிடிக்கணும். பறிக்கக் கூடாது. பேரு தெரியலைன்னா போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டா அவங்க சொல்லுவாங்க. பிள்ளைங்ககிட்ட ஏது போன்? போட்டோ எடுக்குற வேலை மொத்தமும் என் தலையில விழுந்துச்சு. டீச்சர் என்னையும் குரூப்புல சேர்த்துட்டாங்க. "தெய்வானை, வேன் ஆயா"ன்னு என் பேரு அதுல ஜம்முனு நிக்குது.

பின்னாடி எந்தப் புண்ணியவதியாவது இந்த டைரியை எடுத்துப் படிச்சா முழிக்கக் கூடாதுல்ல, அதனால சொல்லிடுறேன். வேன் டிரைவர் அடைக்கலம் என் வீட்டுக்காரர். மீசை முளைச்ச நாளா ஸ்டியரிங் பிடிக்கிறவரு. இலுப்பூர் ரோட்டுல அவரைத் தெரியாதவன் கிடையாது. அவரு ஓட்டுவாரு, நான் இடது பக்கக் கதவுகிட்ட உக்காந்து பிள்ளைங்களை ஏத்தி இறக்குவேன். எங்களுக்குன்னு பிள்ளை இல்ல. வண்டி நிறைய இருக்குதுங்க. அதுங்க கத்துற கத்துல இல்லாத குறையே தெரியாது.

போட்டி என்னன்னா, பூவைப் பார்த்து யாரு முதல்ல பேரு சொல்றாங்களோ அவங்களுக்கு ஒரு பாயிண்ட். ஜெயிச்சது யாரு? என் வீட்டுக்காரர்தான்! "பாலம் தாண்டுனதும் செங்காந்தள்"ங்கிறாரு, பாலம் தாண்டுது, வேலியில செவப்பும் மஞ்சளுமா நெருப்பு மாதிரி நிக்குது. "செங்கச் சூளைகிட்ட ஆவாரை"ங்கிறாரு, அதுவும் நிக்குது. எல்.கே.ஜி. கபிலேஷ் சொல்றான், "மாமா கண்ணு வண்டிக்கு முன்னாடியே ஓடிப்போய் பார்த்துட்டு வருது." எனக்குப் பெருமை தாங்கல. வீட்டுக்கு வந்ததும் மொளகாயும் உப்பும் எடுத்து அவருக்குச் சுத்திப் போட்டேன். பிள்ளைங்க கண்ணுன்னாலும் கண்ணுதானே.

அக்டோபர் 11, புதன்

துத்திப்பூ காலையில மூடியே கெடக்கு, சாயங்காலம் திரும்பும்போது மஞ்சளா விரிஞ்சு நிக்குது. இத்தனை வருஷம் அதே ரோட்டுல போறேன், இது எனக்குத் தெரியாது. குரூப்புல போட்டேன். டீச்சர் கைதட்டுற பொம்மை அனுப்புனாங்க.

வண்டியோட இடது பக்கக் கண்ணாடி புளியங்கிளையில இடிச்சு விரிசல் விட்டிருச்சு. கிளை தாழ்ந்து தொங்குது, வெட்டணும்னு ஒருத்தனுக்கும் தோணல. இவரு என்ன செய்வாரு.

மாவு புளிச்சுப் போச்சு. நாளைக்குப் பணியாரம்.

அக்டோபர் 14, சனி

காலையிலேயே நாத்தனார் வெள்ளையம்மா போன். குரல்லயே சண்டை. "உன் புருஷன் பெரிய ஆளாயிட்டானா? சந்தையில பக்கத்துலயே நிக்கிறேன், தம்பி தம்பிங்கிறேன், கண்டுக்காமப் போறான். கூடப் பொறந்தவ கண்ணுக்குத் தெரியலையா?"

இவருகிட்ட கேட்டேன். "எங்கடி நின்னா? பார்த்தா பேச மாட்டேனா? சந்தை இரைச்சல்ல குரலும் கேக்கல"ன்னாரு. நெசமாத்தான் சொன்னாரு, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். அக்கா மேல உசுரு அவருக்கு. கூட்டத்துல யாரு யாரைப் பார்க்க முடியும். வெள்ளையம்மாவுக்கு எப்பவும் ஒரு குறை வேணும்.

சாப்பிடும்போது இடது பக்கம் வச்ச தண்ணிச் சொம்பைத் தட்டி விட்டுட்டாரு. சோறெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் வச்ச இடம் சரியில்ல.

அக்டோபர் 17, செவ்வாய்

மானம் போச்சு. கண்மாய்க்கரையில மஞ்சப்பூவைப் பார்த்து கடுகுன்னு நெனச்சு குரூப்புல போட்டேன். டீச்சர், "அக்கா, அது நாய்வேளை. காயைத் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டும்"னாங்க. மதிவதனி வண்டி பூரா சொல்லிச் சிரிக்கிறா. "அத்தை, ரோட்டோரம் யாரு கடுகு வெதைப்பா? தாளிக்கவா?" வாயாடி. அவ அம்மா கட்டட வேலைக்குப் போறா, அப்பா வெளிநாட்டுல. கெட்டிக்காரப் புள்ள. எதைப் பார்த்தாலும் ஏன் எதுக்குன்னு குடைஞ்சுருவா.

திரும்பி வரும்போது ஒரு பெரியவர் டி.வி.எஸ். வண்டியில இடது பக்கம் மண்பாதையிலேருந்து ஏறி வந்துட்டாரு. இவரு கடைசி நேரத்துல பிரேக் போட்டாரு. பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சுங்க. தப்பு அந்தப் பெரியவர் மேலதான், திரும்பிப் பார்க்காம ஏறுனாரு. இவருகூட அப்படித்தான் சொன்னாரு. ஆனா அந்த ஆளு தூரத்துலேருந்தே வந்துக்கிட்டிருந்ததை நான் பார்த்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தியாச்சு. இவரு வண்டியை மாப்பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டு நின்னாரு. முன்னாடி பம்பர்ல தொங்கவிட்ட மாலை ரோட்டுல பூத்த ஆவாரம்பூவுல நான் கட்டுனது. பறிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னது பிள்ளைங்களுக்கு. எனக்கில்ல.

அக்டோபர் 25, புதன்

பூஜை லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வண்டி எடுத்தோம். ரோட்டைப் பார்த்தா அடையாளமே தெரியல. யாரோ பெரிய மனுசங்க வர்றாங்களாம், லீவு நாள்ல மெஷினை விட்டு ரெண்டு ஓரத்தையும் வழிச்சு எடுத்துட்டானுங்க. ஒரு செடி இல்ல. வெறும் செம்மண்ணு, மொட்டை அடிச்ச மாதிரி. பிள்ளைங்க மூஞ்சி தொங்கிப் போச்சு.

அப்போ இவரு உற்சாகமா குரல் குடுக்குறாரு. "பாலம் தாண்டுனதும் செங்காந்தள்!"

வேலியே இல்ல அங்க.

மதிவதனிதான் மெதுவா, "மாமா, அங்க ஒண்ணுமே இல்லையே. எல்லாத்தையும் வெட்டிட்டாங்க"ன்னா. இவரு ஹாரனை ஒரு தடவை சும்மா அடிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. "உங்களைச் சோதிச்சேன் பிள்ளைங்களா. முழிச்சிருக்கீங்களான்னு." பிள்ளைங்களும் சிரிச்சதுங்க. நானும் சிரிச்சேன், சத்தமாவே சிரிச்சேன்.

செங்கச் சூளை வந்துச்சு. "ஆவாரை"ன்னு வாயெடுத்தவரு பாதியில நிறுத்திக்கிட்டாரு.

விளையாட்டுதான். அவருக்கு எப்பவும் குசும்பு.

அக்டோபர் 26, வியாழன்

விளையாட்டுதான்னு நெனைக்கிறேன்.

அக்டோபர் 30, திங்கள்

முருகா, இப்பத்தான் மூச்சு வந்துச்சு! பள்ளிக்கூடத்துல டிரைவருங்க எல்லாருக்கும் கண் முகாம் வச்சாங்க. இவரு போர்டுல கடைசி வரி, எறும்பு மாதிரி இருக்குற எழுத்து, அதையும் கடகடன்னு படிச்சிட்டாரு. "இந்த வயசுல இப்படியொரு பார்வையா அண்ணே, கண்ணாடியே வேணாம்"னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே நின்னேன். நாள் கணக்கா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலைஞ்சது நான் ஒரு பைத்தியக்காரி.

வீட்டுக்கு வந்து கேசரி கிண்டுனேன். நெய் கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன். கிண்ணத்தை வாங்கிக்கிட்டு வெளிய போகும்போது இடது தோள்பட்டையை நிலையில இடிச்சுக்கிட்டாரு. நல்ல இடி. எங்க வீட்டு வாசல் குறுகல்.

நவம்பர் 3, வெள்ளி

மழை பிடிச்சிருச்சு. வழிச்சுப் போட்ட மண்ணுலயே திரும்பவும் பச்சை கட்டுது. தும்பை தலை காட்டிருச்சு. மூக்குத்திப்பூவும் விஷ்ணுகிராந்தியும் எங்கிருந்துதான் வருதோ. டீச்சர் போட்டியைத் தொடரலாம்னுட்டாங்க.

இன்னிக்கு நடந்ததை எழுதணுமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதுறேன்.

தைலமரக்காட்டுப் பக்கம் ஒரு பொம்பளை, இடுப்புல குடம், இடது ஓரமா நடந்து வந்துக்கிட்டிருந்தா. திடீர்னு சேறு கெடக்குன்னு ரோட்டுக்குள்ள ஒதுங்கிட்டா. வண்டி அவளைப் பார்த்தே போகுது. இவரு நேரா பார்த்து ஓட்டிக்கிட்டு இருக்காரு, காலு பிரேக்குக்குப் போகல. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு "ஐயோ ஆளு"ன்னு கத்த வாய் வரல எனக்கு. என்ன நெனச்சேனோ, "ஆவாரை! இடது பக்கம் ஆவாரை!"ன்னு கத்திட்டேன்.

வண்டி உடனே வலது பக்கம் ஒதுங்கி நின்னுச்சு. அந்தப் பொம்பளை திட்டிக்கிட்டே போனா. பிள்ளைங்க, "ஆவாரை எங்க? எங்க?"ன்னு ஜன்னலுக்கு ஓடுதுங்க. நான் போயிருச்சு போயிருச்சுன்னேன். இவரு திரும்பிப் பார்க்கல. காதோரம் வேர்த்து வழியிறது மட்டும் எனக்குத் தெரிஞ்சுது.

வீட்டுல இதைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல. முருங்கைக்கீரை ஆஞ்சேன்.

நவம்பர் 7, செவ்வாய்

ஆளுன்னா ஆவாரை. சைக்கிளோ பைக்கோன்னா எருக்கு. ஆடு, மாடு, நாய் எல்லாம் தும்பை. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி வச்சது கிடையாது. நான் கத்துறேன், அவரு ஒதுங்குறாரு. அது பாட்டுக்குப் பழகிப் போச்சு.

ஒரு வகையில நல்லதுதான். வண்டி ஓட்டுறவருக்குப் பக்கத்துல ஒருத்தர் பார்த்துச் சொல்றது தப்பா? லாரியில கிளீனர் சொல்றதில்லையா?

ஆனா கண்ணு எரியுது. இமை கொட்டவே பயமா இருக்கு. கபிலேஷ் என் மடியில வாந்தி எடுத்தப்போகூட நான் குனிஞ்சு பார்க்கல, ரோட்டையே பார்த்துக்கிட்டு கையால தொடைச்சேன்.

நவம்பர் 8, புதன்

மதிவதனி பிடிச்சுட்டா. "அத்தை, நீங்க சொல்ற எருக்கு ஒண்ணுகூட எனக்குத் தெரிய மாட்டேங்குது. நான் நல்லா பார்த்தேன், சைக்கிள்தான் போச்சு."

"உன் கண்ணுல கோளாறு"ன்னு சொல்லிட்டேன்.

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அந்தப் புள்ள என்னையே பார்த்துச்சு. அப்புறம் முன்னாடி திரும்பி அவரு தலையைப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் இறங்குற வரைக்கும் வாயே திறக்கல. அது வாய் திறக்காம இருக்குற புள்ளையே கிடையாது.

நவம்பர் 9, வியாழன்

இன்னிக்கு வாயைத் திறந்துட்டேன். சாப்பாடு போட்டுட்டு மெதுவா, "என்னங்க, திருச்சியில பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்குல்ல, சும்மா ஒரு தடவை போயிட்டு வந்துருவமா, எனக்கும் கண்ணு எரியுது"ன்னேன்.

கை சோத்துலயே நின்னு போச்சு. "முகாம்ல பார்த்தாங்கல்ல? கடைசி வரி வரைக்கும் படிச்சேனா இல்லையா? நீதானே ஜன்னல்ல நின்னு பார்த்தே?"

"படிச்சீங்க. அது நேரா இருந்துச்சு..."

"அப்புறம் என்ன? ரோடு நேராத்தானே இருக்கு?" குரல் ஒசந்துருச்சு. எங்க கல்யாணத்துலேருந்து அவரு என்கிட்ட குரல் ஒசத்துனது கைவிரல்ல எண்ணிடலாம். அப்புறம் தணிஞ்சு சொன்னாரு. "தெய்வானை, பத்தாவது ஃபெயிலு நான். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் நான் ஒரு மனுசன். டீச்சரம்மாவிலேருந்து தாளாளர் ஐயா வரைக்கும் அடைக்கலம் வந்தாச்சான்னு கேக்குறாங்கன்னா அது எதுக்கு? என்னைத் தின்னுட்டுத் தூங்குறவனா ஆக்கிடாதே."

ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்.

கோழை நான். எனக்கு அவரு வேணும், அவரு மூஞ்சியில சிரிப்பு வேணும். பிள்ளைங்களை நெனச்சா ஒரு பக்கம், இவரை நெனச்சா ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் இழுக்குது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் உதிர்ந்து போச்சு. இவருக்கு இடது பக்கம் யாரோ கம்பி மத்தாப்பு நீட்டிக்கிட்டு வந்தாங்க, கையில சுடுற வரைக்கும் இவரு நகரல. தேங்கா எண்ணெய் போட்டு விட்டேன்.

நவம்பர் 15, புதன்

ஒடம்பு அனலா கொதிக்குது. மழையில நனைஞ்சது. குளிரு வேற தூக்கிப் போடுது. ஆனாலும் போயிட்டு வந்துட்டேன். சாயங்காலம் திரும்பும்போது ரெண்டு தடவை கண்ணு தானா மூடிருச்சு. மதிவதனி என் தொடையைக் கிள்ளி எழுப்பி விட்டா.

நவம்பர் 16, வியாழன்

எந்திரிக்க முடியல. கட்டிலை விட்டு இறங்குனா சுவரு சுத்துது. "இன்னிக்கு லீவு சொல்லிடுங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சுனேன். "ஆயாவுக்குக் காய்ச்சல்னா டிரைவருக்கு லீவு குடுப்பாங்களா? மெதுவா ஓட்டிட்டு வர்றேன்டி. பயப்படாதே"ன்னாரு. பயப்படாதேன்னாரு. எதுக்குப் பயப்படக் கூடாதுன்னு அவரும் சொல்லல.

வண்டி கெளம்புற சத்தம் கேட்டுச்சு. அப்பலேருந்து படுத்துக்கிட்டே இதை எழுதுறேன், எழுத்து கோணல் கோணலா வருது. இந்நேரம் பாலம் தாண்டியிருக்கும். இந்நேரம் தைலமரக்காடு. அங்கதான் சேறு. மாட்டுக்காரங்க அந்த நேரத்துலதான் ஓட்டிக்கிட்டு வருவாங்க. ரேஷன் கடை வளைவுல வியாழக்கெழமை கூட்டம் நிக்கும். முருகா, இன்னிக்குக் கடையில சரக்கு வந்திருக்கக் கூடாது. தாயே, பிள்ளைங்களைப் பார்த்துக்க. எதுவா இருந்தாலும் எனக்குக் குடு.

போன் பண்ணுனா ஓட்டும்போது எடுப்பாரு. அதனால பண்ணல. தெருவுல எந்த வண்டி சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு உக்காந்துக்குறேன்.

அதே நாள், மத்தியானம்

வந்துட்டாரு. ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. வண்டியைச் சுத்தி வந்து பார்த்தேன், புதுசா கீறல் இல்ல. சோறு வேணாம்னுட்டாரு. தொட்டிகிட்ட நின்னு மூஞ்சியைக் கழுவிக்கிட்டே இருந்தாரு, தண்ணி தீர்ற வரைக்கும்.

"பிள்ளைங்க எப்படி வந்துச்சுங்க?"ன்னேன்.

"வந்துச்சுங்க"ன்னாரு.

சாயங்கால டிரிப்புக்கு நான் வர்றேன்னு கெளம்புனேன், வாசல் வரைக்கும் போயி விழுந்துட்டேன். தூக்கிப் படுக்க வச்சுட்டு அவரு மட்டும் போயிட்டு வந்தாரு.

நவம்பர் 17, வெள்ளி

மாத்திரையைப் போட்டுக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு போயிட்டேன். நாலு கால்ல தவழ்ந்தாவது போயிருப்பேன்.

மதிவதனி ஏறுனதும் என்னைப் பார்த்துட்டு பெருமூச்சு விட்டா, பெரிய மனுசி மாதிரி. என் பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்துக்கிட்டா. "என்னடி, தொண்டை கட்டியிருக்கு?"ன்னு கேட்டேன். குரலே இல்ல அவளுக்கு, காத்துதான் வருது. அப்புறம் சொல்றேன்னு கை காட்டுனா.

பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் இறங்கிப் போனதுக்கப்புறம் நின்னா. அவரு பின்னாடி டயரைப் பார்க்கப் போயிருந்தாரு.

"அத்தை, நேத்து நான்தான் உங்க எடத்துல உக்காந்து சொல்லிட்டு வந்தேன். காலையிலயும் சாயங்காலமும்."

"என்ன சொல்லிட்டு வந்தே?"

"பூவு."

நான் கதவைப் பிடிச்சுக்கிட்டேன்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னேன் அத்தை. எருக்கு, தும்பை, ஆவாரை. மாமாவும் ஒதுங்கி ஒதுங்கி நல்லாத்தான் ஓட்டுனாரு. ரேஷன் கடை வளைவுல மட்டும் ஒரு தாத்தா கம்பு ஊனிக்கிட்டு குறுக்க வந்துட்டாரு. அப்போ எனக்கு ஆவாரைங்கிற பேரே வரல. யோசிக்கிறேன் யோசிக்கிறேன், வரவே மாட்டேங்குது. மாமா, ஆளு, ஆளுன்னு கத்திட்டேன். வண்டி நின்னுருச்சு. தாத்தா வண்டி மேல கையை வச்சுக்கிட்டு நின்னாரு."

அவ தொடர்ந்து சொல்றா. "நான் யார்கிட்டயும் சொல்லல அத்தை. டீச்சர்கிட்ட சொல்லல, எங்கம்மாகிட்டகூட சொல்லல. வீட்டுக்குப் போய் எல்லாப் பூ பேரையும் மனப்பாடம் பண்ணிட்டேன். இனிமே மறக்காது. உங்களுக்குக் காய்ச்சல் இருந்தா நீங்க வர வேணாம், நான் பார்த்துக்குறேன்."

ஆறாம் வகுப்பு படிக்கிற புள்ள. வண்டியில உக்காந்து வாய் பார்த்துக்கிட்டு, தின்பண்டம் தின்னுக்கிட்டு வர வேண்டிய புள்ள. அத்தனை பிள்ளைங்க உசுரையும் அது தன் தொண்டையில கட்டித் தூக்கிட்டு வந்திருக்கு. நான் அந்தப் பாரத்தைத் தூக்கி அது தலையில வச்சிருக்கேன். அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "நீ ஒண்ணும் பார்த்துக்க வேணாம் தங்கம், ஓடு கிளாஸுக்கு"ன்னு அனுப்பிட்டேன்.

அப்படியே நேரா தாளாளர் ஐயா ரூமுக்குப் போனேன். செருப்பைக்கூட கழட்டல. யாரோ பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் நிக்கல. "ஐயா, என் வீட்டுக்காரருக்கு ஓரப் பார்வை இல்ல. நேரா தெரியும், பக்கவாட்டுல வர்றது தெரியாது. இனிமே அவரு வண்டி எடுக்கக் கூடாது. இன்னிக்குச் சாயங்காலமே கூடாது"ன்னேன். ஐயா என்னம்மா சொல்றேன்னாரு. திரும்பவும் சொன்னேன். அழுதுட்டேன்னு நெனைக்கிறேன், ஏன்னா தண்ணி குடுத்தாங்க.

அவரைக் கூப்பிட்டாங்க. கையில துடைக்கிற துணியோட வந்தாரு. ஐயா மரியாதையாத்தான் கேட்டாரு. இவரு ஐயாவைப் பார்க்கல, என்னைத் தேடுனாரு. நான் அவருக்கு இடது பக்கம் நின்னேன். தலையை முழுசா திருப்பினப்புறம்தான் நான் அகப்பட்டேன்.

"நீயா?"ன்னாரு.

நான் ஆமான்னேன்.

சாவியை மேசை மேல வச்சாரு. ரெண்டு பேரும் டவுன் பஸ்ல வீட்டுக்கு வந்தோம். வழி பூரா அவரு ஜன்னல் பக்கமே திரும்பிக்கிட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழட்டிக்கிட்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாரு. "நீ சொன்ன பூவை வச்சுத்தான் ஓட்டுனேன். அது உனக்கும் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எப்படிடி மனசு வந்துச்சு?"

"நேத்து அந்தப் புள்ள சொல்லுச்சுங்க. நான் இல்லாதப்போ."

கட்டில்ல உக்காந்து ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

நவம்பர் 18, சனி

பேசல.

நவம்பர் 19, ஞாயிறு

இன்னிக்கும் பேசல. உப்பு கேட்டாரு, அவ்வளவுதான். மதிவதனியோட அம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. மக எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "இத்தனை வருஷம் எங்க பிள்ளைங்களைப் பத்திரமா கொண்டாந்து விட்ட மனுசன்"னு சொல்லிட்டு அழுதாங்க. இவரு உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு.

நவம்பர் 20, திங்கள்

புது டிரைவர் வண்டியை எங்க தெரு வழியா ஓட்டிக்கிட்டுப் போனாரு. இவரு சத்தத்தை வச்சே, "செகண்ட் கியர்ல இழுக்குறான் பாரு"ன்னாரு. என்கிட்ட சொன்னாரா தனக்குத்தானே சொன்னாரான்னு தெரியல. நான் ஆமான்னு சொல்லி வச்சேன். அப்புறம், "திருச்சிக்கு என்னைக்குப் போறது?"ன்னாரு.

நவம்பர் 22, புதன்

திருச்சி போயிட்டு வந்துட்டோம். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு தேஞ்சு போச்சாம். ரெண்டு கண்ணுலயும் இருக்கு, இடதுல அதிகம். போன பார்வை போனதுதான், திரும்பாது. மிச்சம் இருக்குறதை சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாம், ஒரு வேளைகூட விடாம விடணும். வலி இருக்காது, ஓரத்துலேருந்து மெதுவா திருடிட்டு வரும், நேரா பார்க்குற பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும், அதனாலதான் முகாம்ல தெரியலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சின்ன வயசுப் பொண்ணு, தன்மையா பேசுனாங்க.

மெஷின்ல வச்சுப் பார்க்குறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு சோதனை பண்ணுனாங்க. இவரை எதிர்ல உக்கார வச்சு, வலது கண்ணை மூடச் சொன்னாங்க. "ஐயா, என் மூக்கையே பாருங்க. அங்க இங்க திரும்பக் கூடாது. பக்கத்துல என் விரல் ஆடுறது தெரிஞ்சதும் தெரியுதுன்னு சொல்லுங்க. அம்மா, நீங்க எதுவும் சொல்லக் கூடாது, என்ன?"

நான் சுவரோரம் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். டாக்டரம்மா கையை இவருக்கு இடது பக்கம் நீட்டி விரலை ஆட்டுனாங்க. எனக்கு நல்லாத் தெரியுது, நகத்துல போட்டிருந்த மருதாணி வரைக்கும் தெரியுது. இவரு ஒண்ணும் சொல்லல. விரல் கொஞ்சம் கிட்ட வந்துச்சு. ஆடுது. இவரு மூக்கையே பார்த்துக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தொடை மேல வச்சுக்கிட்டு நேரா உக்காந்திருக்காரு. இன்னும் கிட்ட வந்துச்சு. எனக்கு ஆவாரைன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்க்கல. விரலை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க.

இவரு பொறுமையா காத்திருந்து பார்த்துட்டு, மரியாதையா கேட்டாரு. "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"